காணாமற்போனவர்களில் ஏழாவது பெயர்

1935 ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? படம் எடுக்கும் கூடத்தில் தூசியும் புகையுமாக இருக்கும் என்கிறார்களே, கழுத்தை மூடிக்கொண்டு போகிறாயா?

பத்திரிகையை விட்டு நாடகம், நாடகத்தை விட்டுப் பேசும்படம் என்று கிளைக்குக் கிளை தாவுகிறாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு அதுவும் கிடையாது. ஊரார் வாய்க்கு வசனம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறாய். எப்படியோ, நன்றாக இரு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தையல் கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு ஏற்றிப்போகும் வண்டிக்காரர், போன வாரம் தன் மச்சானைக் கூட்டி வந்தார். அந்த மச்சான் கப்பலில் போய் வருகிறவர். இருபது நாள் பயணத்தில் இருக்கும் ஒரு துறைமுகத்தில், நிலக்கரிக் கிடங்கில் நம் பாஷை பேசும் ஒருவரைப் பார்த்தாராம். இடது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்த தழும்பு. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம். உன் அத்தானுக்குக் கொதிகலன் நீராவி அடித்த தழும்பு எங்கே இருந்தது என்று உனக்கே தெரியும்.

அவர் வேலை பார்த்த கப்பல் உடைந்து ஏழு வருஷம் ஆகிறது. உன் பத்திரிகையில் வந்த பட்டியலை வைத்திருக்கிறேன். உடல் கிடைத்தவர்கள் பதினாறு பேர். காணாமற்போனவர்கள் இருபத்தைந்து பேர். அவர் இரண்டாவது பட்டியலில் ஏழாவது பெயர். காணாமற்போன ஆள் கிடைப்பதும் உலகத்தில் நடக்கிறதுதானே. நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

பதில் சீக்கிரம் போடு.

உன் அக்கா

•

1935 ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. இருமல் குறைந்துவிட்டது. கழுத்தையும் மூடிக்கொள்கிறேன், கவலைப்படாதே. நீ முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை தைத்து முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறாயா?

இங்கே வேலை பெண்டை நிமிர்த்துகிறது. காலையில் எட்டு மணிக்கு எல்லாக் கதவையும் அடைத்துவிடுவார்கள், வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாதாம். மின்விசிறியும் சுற்றக்கூடாது. பூச்சாடிக்குள் ஒலிவாங்கியை ஒளித்து வைத்திருப்பார்கள். கதாநாயகன் காதலியை விட்டுவிட்டுப் பூச்சாடியைப் பார்த்தே உருகுவார். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மறந்துபோகும் வரிகளைத் தாளில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடிக்கிறேன். நாலு எழுத்து படித்தவனுக்கு வந்த வாழ்வைப் பார்.

மூன்று வருஷத்துக்கு முன் மேடையில் ஓடியதே என் நாடகம், அதைத்தான் முதலாளி படமாக்குகிறார். ஒரு பத்திரிகைக்காரன் கதை. உனக்குச் சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை. நீதான் அத்தான் வரும்வரை கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருக்கிறாயே.

நீ எழுதிய மற்ற விஷயம். அக்கா, வேண்டாம். ஒரு தழும்பை நம்பி இருபது நாள் கடலில் போவார்களா? அந்தத் துறைமுகத்துப் பத்திரிகையில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், எழுதி விசாரிக்கிறேன். அதுவரை நீ எந்த ஏற்பாடும் செய்யாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

1935 பிப்ரவரி 6

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன். எண்ணெய் தேய்க்கிறேன்.

விசாரிக்கிறேன் என்று நீ சொல்வது இது நாலாவது தடவை. வடக்கே ஒரு தீவில் ஆறு பேர் கரையேறினார்கள் என்று வந்தபோது விசாரிக்கிறேன் என்றாய். ஞாபகம் தப்பியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றபோதும் அதே பேச்சு. எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஊரில் எவன் வீட்டுப் பூனை காணாமற்போனாலும் மோப்பம் பிடித்து எழுதியவன், சொந்த அத்தான் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி மென்று விழுங்குகிறாய்?

கப்பல் உடைந்து எட்டாம் நாள் நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றது எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. கையில் பட்டியலோடு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். "செத்தவங்க பட்டியல்ல அவர் பேரு இல்லடா, நல்லாப் பாத்துட்டேன்" என்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நான்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்.

அன்று காலையில்தான் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அதே கப்பலில் சமையல் செய்தவருடைய மனைவி இருக்கிறாளே, அவள் வீட்டுக்காரர் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். வெளியே அழுகை, உள்ளே மட்டும் 'என் வீட்டுக்காரர் இதில் இல்லை, இதில் இல்லை' என்று ஒரே சந்தோஷம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்காகவாவது நான் போய்த் தேட வேண்டாமா?

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். அவர் திரும்பி வருவது உனக்குப் பிடிக்கவில்லையா?

அக்கா

•

1935 மார்ச் 20

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. படப்பிடிப்பு என்று சொன்னால் பாதிதான் உண்மை. மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் எல்லாம் கேட்டிருந்தேன்.

அப்படி ஒரு கேள்வியை நீ கேட்கலாமா? அத்தான்தான் எனக்கு முதல் பேனா வாங்கிக் கொடுத்தவர். அவர் வருவார் என்றால் நான் கடலில் நடந்துபோய்க் கூட்டி வருவேன்.

இங்கே ஒரு தகராறு. என் நாடகம் முடிகிற மாதிரி படம் முடியக்கூடாது என்கிறார் முதலாளி. நாடகத்தில் செத்துப்போனவன் செத்தவன்தான். படத்தில் அவன் கடைசியில் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டுமாம். "அழுதுகிட்டே வெளிய போறவன் மறுநாள் இன்னொருத்தனக் கூட்டிட்டு வரமாட்டான்யா" என்கிறார். நான் இரண்டு நாள் முடியாது என்றேன். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காட்சியை எடுத்தபோது விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். அதுவரை பயணத்தை ஒத்திவை. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி

•

1935 ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கும் வந்து நின்றேன், மாலை வண்டிக்கும் வந்து நின்றேன். நீ வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் எழுது.

நான் ஒன்பதாம் தேதி கப்பலில் போகிறேன். தையல் கூடத்தில் நாலு மாசம் விடுப்பு சொல்லிவிட்டேன். சமையல்காரர் மனைவியிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். அவருடைய சட்டை இரண்டை எடுத்துக்கொண்டேன், இளைத்திருந்தால் அங்கேயே பிடித்துத் தைத்துக் கொடுக்கலாம். நீ என்ன சொல்ல நினைத்தாயோ, நான் திரும்பி வந்ததும் இருவர் முன்னாலும் சொல்.

அக்கா

•

1935 ஏப்ரல் 8

அக்கா,

ரயில் நிலையம் வரை வந்தேன். வண்டியில் ஏறி, அது கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். போகாதே. காரணம் கேட்காதே, போகாதே. நாளைக் கப்பலை விட்டுவிடு, நாளை மறுநாள் கட்டாயம் வருகிறேன்.

தம்பி

•

1935 ஜூலை 28

தம்பிக்கு,

நான் சுகம் என்றே எழுதுகிறேன், கடிதத்தை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கார்டு நான் கப்பலேறிய பிறகு வந்து, சமையல்காரர் மனைவி திருப்பி அனுப்பி, இங்கே ஜூன் மாசம்தான் கிடைத்தது.

அந்த மனிதரை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னையும் என் கையிலிருந்த சட்டைப் பொட்டலத்தையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் இல்லம்மா" என்றார். என்னைப்போல் இதற்கு முன்பும் இரண்டு பேர் வந்தார்களாம். அவருக்குத் தார் கொட்டிய தழும்பு. சட்டைகளை அவருக்கே கொடுத்துவிட்டேன். தோளில் கொஞ்சம் பிடித்தது.

உடனே ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. சாக்குத் தைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு விதவை வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். போன வாரம் கடைவீதியில் ஒரு சுவரொட்டி. நடிகர்கள் பெயருக்குக் கீழே, கதை வசனம் என்று போட்டு உன் பெயர். அத்தனை தூரத்தில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் தம்பிதான், நான் தூக்கி வளர்த்த பிள்ளை" என்று போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்கார அம்மாள், "தம்பி படத்த அக்கா பாக்காம இருக்கலாமா" என்று இழுத்தாள். ஏழு வருஷப் பிடிவாதத்தை உன் பெருமைக்காக விட்டேன்.

படத்தில் ஒரு பத்திரிகை ஆபீஸ். தந்தி வருகிறது. செத்தவர்கள் பட்டியலில் தன் அக்கா புருஷன் பெயரைப் பார்க்கிறான் ஒருவன். அதை எடுத்துக் காணாமற்போனவர்கள் பட்டியலில் ஏழாவதாகச் செருகுகிறான். எட்டாம் நாள் அக்கா வீட்டுக்குப் போகிறான். அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். அவன் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து அழுகிறான். அவள் தண்ணீர் கொடுக்கிறாள்.

பக்கத்தில் வீட்டுக்கார அம்மாள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

கடைசியில் தம்பி காலில் விழுகிறான். அக்கா அவனைத் தூக்கி, நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்கிறாள். கதவு தட்டுகிற சத்தம். புருஷன் வந்து நிற்கிறான். கொட்டகையே கைதட்டியது. சொன்னால் சிரிப்பாய், நானும் தட்டினேன்.

படிக்காதவள் கேட்கிறேன். இதில் எது நடந்தது, எது முதலாளி சேர்த்தது? ஒரே ஒரு வரி எழுது. அலங்காரம் வேண்டாம்.

அக்கா

•

1935 ஆகஸ்ட் 19

அக்கா,

அத்தான் இறந்துவிட்டார். கதவு தட்டுகிற காட்சி முதலாளி சேர்த்தது. காலில் விழுவதும் மன்னிப்பும் என் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.

நீ ஒரு வரி கேட்டாய். மீதியையும் எழுதுகிறேன், இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்கக்கூடாது. தந்தி மாலை ஐந்து மணிக்கு வந்தது. அச்சுக் கோப்பவர் காத்திருந்தார், ஆசிரியர் ஊரில் இல்லை. உடல் கிடைத்த பதினேழு பேரில் அத்தான் பெயர் பதினொன்றாவது. உன் தெருவில் பத்திரிகையை ஒருவர் சத்தமாகப் படிக்க, எல்லோரும் கூடி நின்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படி நீ கேட்கக்கூடாது, மறுநாள் நானே வந்து சொல்லிவிட்டுப் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெயரை அடுத்த பத்திக்கு மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை.

மறுநாள் காலை ஆசிரியரிடமிருந்து தந்தி. அடக்கத்தைப் பற்றி எழுத என்னையே அந்தக் கடற்கரைக்குப் போகச் சொல்லியிருந்தார். போனேன். புதைத்தது பதினேழு பேரை. பதினாறு என்று எழுதினேன், முதல் பொய்க்குக் காவலாக இன்னொன்று. அங்கிருந்து நேராகத்தான் உன் வீட்டுக்கு வந்தேன், சொல்லிவிடுவது என்றுதான். நீ சிரித்தாய்.

அத்தான் கப்பல் கம்பெனியில் முகவரியாகக் கொடுத்திருந்தது என் ஆபீஸை. நீங்கள் அடிக்கடி வீடு மாற்றுவீர்கள் என்று அவரே அப்படி எழுதி வைத்திருந்தார். அதனால் கம்பெனிக் கடிதமும் என்னிடமே வந்தது. சமையல்காரர் மனைவிக்குப் போன அதே கடிதம். முகம் பார்க்க விரும்புகிறவர்கள் ஐந்து நாளுக்குள் வரலாம் என்று அதில் இருந்தது. நான் ஊர் திரும்பி அதைப் பிரித்தபோது ஒன்பதாம் நாள். நீ அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது என்னால்.

அடுத்த வருஷமே பத்திரிகை வேலையை விட்டேன். எந்தப் பட்டியல் வந்தாலும் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டேன். நாடகமாக எழுதினால் பாரம் குறையும் என்று பார்த்தேன். நூற்றிருபது நாள் மேடையில் சொல்லவைத்தேன். நீ வரமாட்டாய் என்ற தைரியத்தில் சொன்னேன். முழுப் பூசணிக்காயை ஊர் நடுவில் வைத்துவிட்டு உன் ஒருத்தி கண்ணை மட்டும் மூடியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் வசனத்தை நான் ஏற்கெனவே இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை உன்னிடம் திரும்பச் சொல்ல நா கூசுகிறது. எப்போது ஊர் திரும்புகிறாய்? உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி

•

1935 அக்டோபர் 27

தம்பிக்கு,

ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆகிறது. ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு நீ அனுப்பிய நாலு கடிதமும் கிடைத்தன. பிரிக்கவில்லை. நீ இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியதும் எனக்குத் தெரியும், உள்ளேதான் இருந்தேன்.

உன் படத்தில் அந்த அக்கா உடனே மன்னித்துவிட்டாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் வாசலில் நிற்கிறான். அவளுக்கு வசனம் நீ எழுதினாய். எனக்கு நான்தான் எழுத வேண்டும், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாய். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் வீட்டுக்காரருக்காக அழுதிருக்கிறார்கள். நான் மட்டும் ஏழு வருஷமாக அவர் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு உன்மேல் கோபம் என்று எழுதினால் அது குறைவு.

போன வாரம் சமையல்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போனேன். நீ எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன், அன்று எனக்குள் இருந்த சந்தோஷத்தையும் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்துக் கொடுத்தாள். பிறகு, "அன்னைக்கு எனக்கும் உன்னப் பாத்துப் பொறாமையா இருந்துச்சு" என்றாள். அவள் உடல்களைப் பார்க்கப் போனபோது எல்லோரையும் துணியால் மூடி எண் போட்டு வைத்திருந்தார்களாம். அவரவர் ஆளை மட்டும் விலக்கிக் காட்டினார்களாம். மூடியிருந்தவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

புதைத்த இடம் நீளமான ஒரே மேடு. தலைமாட்டில் ஒரு பலகை, அதில் கப்பல் உடைந்த தேதியும் பதினேழு பேர் என்பதும் மட்டும்தான். பெயர் கிடையாது. காவல்காரர் புதியவர், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சமையல்காரர் மனைவி நேராகக் கிழக்கு ஓரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தன்று அவள் அங்கே நின்றிருக்கிறாள், அவளுக்கு இடம் தெரியும். நான் அந்த மேட்டை நாலு தடவை சுற்றினேன். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன்.

நீ அன்று நோட்டும் பென்சிலுமாக அங்கே நின்றவன். எதையும் விடாமல் குறித்துக்கொள்கிறவன். அவரை எந்த இடத்தில் இறக்கினார்கள்? கிழக்கிலிருந்து எத்தனையாவது? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எனக்கு உன்னிடமிருந்து வேண்டாம்.

அக்கா

•

1935 நவம்பர் 9

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பெட்டியைக் கவிழ்த்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். எல்லாம் இருக்கிறது. தோண்டியவர்கள் ஒன்பது பேர். மண் ஈரமாக இருந்தது. கயிறு ஒரு முறை அறுந்தது. காற்றில் ஒரு அதிகாரியின் தொப்பி பறந்தது, யாரும் எடுக்கப் போகவில்லை. துணியின்மேல் இருந்த எண்களும் இருக்கின்றன, ஆறாம் எண் வரைக்கும். அதன் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

பதினொன்றாம் எண் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அதனால் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றேன். மண் தள்ளுகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினேன். அவர்கள் வரிசைப்படிதான் இறக்கினார்களா என்பதுகூடத் தெரியாது. கயிறு அறுந்ததால் சிலரை மாற்றி இறக்கினார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். யார் எவர் என்று நான் கேட்கவில்லை.

ஏதாவது ஒரு எண்ணை எழுதியிருக்கலாம். இரண்டு தடவை எழுதினேன், அக்கா. கிழக்கிலிருந்து ஏழாவது என்று ஒரு தாளில், பதினொன்றாவது என்று இன்னொன்றில். நீ நம்புவாய். அங்கே போய் உட்காருவாய், உனக்கு நிம்மதியாக இருக்கும். எங்கே உட்கார்ந்தாலும் அவர் பக்கம்தான் என்று ஒரு வரி எழுதவும் எனக்குத் தெரியும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

தம்பி